திருப்பூர் பனியன் தொழில்: உழவர் கற்க வேண்டிய கணக்கும் விட்டுப்போன கணக்கும்

திருப்பூர் வட்டாரம் மழை குறைந்த பூமி. தோட்டம் என்றால் ஆழக் கிணறு, காடு என்றால் மானாவாரிச் சோளம். துறைமுகம் பக்கத்தில் இல்லை. பெரிய அரசு ஆலையும் இல்லை. ஆனாலும் 1985 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த பின்னலாடை ஏற்றுமதி, 2024-25-ம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியிருக்கிறது.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் பணம் மட்டுமல்ல. பணம் வருவதற்கு முன்பே இங்கே ஓர் அறிவு இருந்தது. புதிய ரகத்தைத் துணிந்து பயிரிடுவது, வேலையைக் கையால் செய்து கற்பது, கற்றதைப் பக்கத்துக்காரரோடு பகிர்வது என்று அது படிப்படியாகச் சேர்ந்தது. ஆனால் இதே தொழில் ஒரு கணக்கை எழுதாமல் விட்டது. அது தண்ணீர்க் கணக்கு. அதன் விலையைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் நொய்யல் கரை விவசாயிகள்.

இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் உங்கள் பண்ணையத்துக்குப் பயன்படும் பாடம் கிடைக்கும். கட்டுரையின் முதல் பாதி நடந்த கதை. இரண்டாம் பாதி நீங்கள் செய்ய வேண்டியவை.

ஒரு பருத்தி ரகத்தில் தொடங்கிய வளர்ச்சி

பனியன் கம்பெனிகளின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை வட்டாரத்தில் கம்போடியா பருத்தி அறிமுகமானது. அதுவரை இங்கே விளைந்தவை கருங்கண்ணி, உப்பம் போன்ற மானாவாரி நாட்டுப் பருத்திகள். கம்போடியா பருத்தியின் இழை அவற்றைவிட நீளம். ஆனால் அதற்குக் கிணற்றுப் பாசனம் வேண்டும். கிணறு வைத்திருந்த கொங்கு விவசாயிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நல்ல பருத்தி வந்ததும் கொட்டையெடுக்கும் ஜின்னிங் ஆலைகள் வந்தன. ரயில் வசதி இருந்த திருப்பூர் பருத்திச் சந்தையானது. கோவையில் 1888-லேயே நூற்பாலை தொடங்கியிருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டாரும் ஏறியது. கோவைப் பருத்தி ஆராய்ச்சியில் பிறந்த எம்.சி.யூ. ரகங்களின் பெயரிலேயே இந்த வரலாறு இருக்கிறது. மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்துகள்தான் எம்.சி.யூ.

1920-களில் திருப்பூருக்குப் பின்னல் இயந்திரம் வந்தது. பல பத்தாண்டுகள் இங்கே தயாரானது உள்நாட்டுக்கான வெள்ளை பனியன்தான். 1970-களின் பிற்பகுதியில் இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியதும் வெள்ளை பனியன் கலர் டி-சர்ட்டாக மாறியது. நிறம் என்றால் சாயம். சாயம் என்றால் தண்ணீரும் உப்பும். பின்னால் வரப்போகும் கதைக்கு இதை நினைவில் வையுங்கள்.

கற்றுக்கொண்ட விதம்

திருப்பூர் முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் கணிசமானோர் கம்பெனியில் கைமடிப்பவராக, கட்டிங் ஆளாக, டெய்லராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்கள். இதை நேரில் ஆராய்ந்த புவியியல் அறிஞர் ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூலில், இந்த முதலாளிகள் தங்கள் முதல் என்று சொன்னது உழைப்பைத்தான் என்று பதிவு செய்திருக்கிறார். தோட்டத்தில் ஆட்களோடு சேர்ந்து தானும் இறங்கி வேலை செய்த பழக்கம் கம்பெனிக்குள்ளும் தொடர்ந்தது.

இந்த முறையில் நான்கு அம்சங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, முதலில் வேலை, பிறகு முதலீடு. துணி எங்கே வீணாகும், எந்த இயந்திரம் எப்போது நிற்கும், எந்த வியாபாரி பணம் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் தெரிந்த பிறகே சொந்தக் காசை இறக்கினார்கள்.

இரண்டு, ஜாப் ஒர்க். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம். ஒருவரே எல்லா இயந்திரத்தையும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு இயந்திரத்தோடு ஒருவர் தொழிலுக்குள் நுழைய முடிந்தது.

மூன்று, பங்கு. உறவினரும் நண்பரும் சேர்ந்து பங்குதாரர்களாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பிரிந்து தனித்தனி கம்பெனி வைத்தார்கள். ஒருவர் கற்றது நான்கு பேருக்குப் போனது.

நான்கு, சங்கம். 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. சாலை, குடிநீர், பயிற்சிக் கல்லூரி, கண்காட்சி என்று தனியொருவர் செய்ய முடியாதவற்றைச் சேர்ந்து கேட்டார்கள், சேர்ந்து செய்தார்கள்.

எழுதாமல் விட்ட கணக்கு

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்புப் போட வேண்டும். அடர்நிறத்துக்கு ஒரு லிட்டர் சாய நீருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூட உப்புப் போடுவார்கள். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு, அலசும் நீரோடு வெளியே வந்துவிடும்.

தொடக்கத்தில் கழிவுநீரைச் சுண்ணாம்பு, இரும்பு உப்பு போட்டுச் சுத்திகரித்தார்கள். இதில் நிறம் பெருமளவு போய்விடும். கரைந்த உப்புப் போகாது. பார்க்கத் தெளிவாக இருக்கும் நீர் பயிருக்கு எமனாக இருந்தது இப்படித்தான். எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 9 கோடி லிட்டர் கழிவுநீர் நொய்யலில் கலந்தது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. அதன் குறுக்கே 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. பாசனம் கொடுக்க வேண்டிய அணையைத் திறக்காதே என்று ஆயக்கட்டுக்காரர்களே சொல்லும் நிலை வந்தது. கரையோரக் கிணறுகள் உப்பேறின. வாழை, மஞ்சள், காய்கறி செய்த தோட்டங்களில் உப்பைத் தாங்கும் பயிர்கள் மட்டுமே மிஞ்சின. கால்நடைக்குக்கூட நல்ல தண்ணீர் தேடிப் போக வேண்டியிருந்தது.

கம்பெனியின் வரவு செலவுப் புத்தகத்தில் நூல் விலை இருந்தது, கூலி இருந்தது, கரண்ட் பில் இருந்தது. கீழ்க்கரைக் கிணறு கெட்டதற்கான செலவு மட்டும் இல்லை. அது உழவர் வீட்டுப் புத்தகத்தில் நஷ்டமாக ஏறியது.

எண்ணாக மாறிய புகார்

தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னால் அது ஒரு புகார். லிட்டருக்கு இத்தனை மில்லி கிராம் உப்பு இருக்கிறது என்று சொன்னால் அது சான்று. நொய்யல் விவசாயிகள் போராட்டம் புகாரிலிருந்து சான்றுக்கு நகர்ந்த கதை.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிடும் ஆணையம் 2004 டிசம்பரில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நிபுணர் குழுவின் ஆய்வுக்குப் பிறகு 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேற்றாத பூஜ்ஜிய நிலை சுத்திகரிப்புக்கு மாற வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் இதை உறுதி செய்தது.

அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. திருப்பூர் தொழிலே ஆட்டம் கண்டது. வேலை இழந்த தொழிலாளர்களும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். தண்ணீர்க் கணக்கை எழுதாமல் விட்டால் கடைசியில் இரு தரப்பும் விலை கொடுக்க நேரும் என்பதை அந்த மாதங்கள் காட்டின.

தீர்வும் புதுமையிலிருந்தே வந்தது

தமிழக அரசு 2011-ல் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மாறின. இப்போது நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

முதலில் நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவிலுள்ள அங்ககப் பொருளை அழிக்கிறார்கள். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாக நீரை அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் அடர்ந்த உப்பு நீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். நீரில் பெரும்பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. உப்பு நீர் முழுவதையும் காய்ச்ச விறகும் மின்சாரமும் ஏராளமாகச் செலவானது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு வழி கண்டார்கள். அடர்ந்த உப்பு நீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கி, அந்த உப்புக் கரைசலையே திரும்பச் சாயத் தொட்டிக்குக் கொடுத்தார்கள். காய்ச்சும் செலவு குறைந்தது, புதிதாக உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. கழிவு என்று தள்ளியதே மூலப்பொருளானது. மற்ற நிலையங்களும் இதைப் பின்பற்றின.

பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் மீது இன்றும் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் சேறும் நிலையங்களில் மூட்டையாகக் கிடக்கின்றன. ஏற்கெனவே மண்ணிலும் நிலத்தடியிலும் இறங்கிய உப்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் அடுத்த பகுதி முக்கியம்.

உங்கள் கிணற்று நீரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்

நொய்யல் கரையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

*நீர் மாதிரி எடுக்கும் முறை:* மோட்டாரை 20 நிமிடமாவது ஓட விடுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் நிரப்பி மூடுங்கள். பெயர், ஊர், சர்வே எண், கிணறா போரா, ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை எடுப்பது நல்லது. கோடையில் மே மாதம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒன்று.

*மண் மாதிரி எடுக்கும் முறை:* வரப்பு, எருக்குழி, மர நிழல், வாய்க்கால் ஓரம் தவிர்த்து, ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில எழுத்து 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டுங்கள். குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சீராக மண் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி, அரை கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள்.

*அறிக்கையில் பார்க்க வேண்டியவை:*

மின் கடத்தும் திறன் (இ.சி.): நீரில் மொத்த உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும். 0.7 வரை கவலையில்லை. 0.7 முதல் 3 வரை கவனம் தேவை, பயிரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். 3-க்கு மேல் கடுமையான உப்பு நீர்.

எஞ்சிய சோடியம் கார்பனேட்: 1.25-க்குள் நல்லது. 1.25 முதல் 2.5 வரை எச்சரிக்கை. 2.5-க்கு மேல் மண்ணின் தன்மையையே கெடுக்கும்.

மண்ணின் கார அமில நிலை: 8.5-க்கு மேல் போனால் களர் நிலம் என்று சந்தேகப்பட வேண்டும்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டரை வாங்கி நீங்களே மாதாமாதம் பார்க்கலாம். ஆனால் அது மொத்த உப்பை மட்டும் காட்டும். சோடியம் எவ்வளவு என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

*ஒரு எளிய கணக்கு:* இ.சி. 2.5 என்றால் அந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 1,600 மில்லி கிராம் உப்பு இருக்கிறது. ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் கட்டச் சுமார் 1 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஓர் அங்குலத் தண்ணீரில் 160 கிலோ உப்பு நிலத்துக்குப் போகிறது. இரண்டு அங்குலம் வீதம் பத்துத் தண்ணீர் கட்டினால் 3,200 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை 64. நீங்கள் போடும் உர மூட்டைகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நீரை அளக்காமல் உரத்தை மட்டும் அளப்பதில் பயனில்லை என்பது புரியும்.

அளவுக்கு ஏற்ற பயிர், நோய்க்கு ஏற்ற மருந்து

உப்பை வேருக்குக் கீழே இறக்கும் அளவுக்கு வடிகால் உள்ள நிலத்தில், மகசூல் குறையாமல் பயிர்கள் தாங்கும் நீரின் இ.சி. அளவு தோராயமாக:

பருத்தி 5
சோளம் 4.5
நிலக்கடலை 2
தக்காளி 1.7
மக்காச்சோளம் 1.1
வெங்காயம் 0.8
பீன்ஸ் 0.7

இ.சி. 2 உள்ள கிணற்றில் சின்ன வெங்காயம் போட்டு, விதை சரியில்லை என்று விதைக்காரரோடு சண்டை போடுவதில் பொருளில்லை. அதே நீரில் பருத்தியோ சோளமோ நன்றாக வரும்.

மண் கெட்டிருந்தால் இரண்டு நோயையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மண்ணின் மேல் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் உவர் நிலம். இதற்கு ஜிப்சம் மருந்து இல்லை. வடிகால் அமைத்து, மழை நீரையோ நல்ல நீரையோ தேக்கி, உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். நிலம் காய்ந்தால் கல்லாக இறுகி, நனைந்தால் நீர் உள்ளே இறங்காமல் நின்று, கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் அது களர் நிலம். இதற்குத்தான் ஜிப்சம். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை அறிக்கைப்படி போடுங்கள். ஜிப்சம் இட்டு நீர் தேக்கி வடித்த பின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும்.

உப்பு நீரைச் சொட்டுநீர்ப் பாசனத்தில் கொடுப்பது வாய்க்காலில் விடுவதைவிட நல்லது. வேர்ப் பகுதி ஈரமாகவே இருப்பதால் உப்பு ஈர வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஆனால் ஒரு எச்சரிக்கை. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் சிறு தூறல், ஓரத்தில் சேர்ந்த உப்பைத் திரும்ப வேருக்குக் கொண்டுவரும். அந்த நேரம் மழைதானே என்று மோட்டாரை நிறுத்தாமல், சொட்டுநீரை ஓட விடுங்கள்.

எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். அடுத்த பயிரை முடிவு செய்யவும் அது உதவும். நாளை உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் யாராவது கழிவை விட்டால், கெடுவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் எழுத்துச் சான்றும் இருக்கும்.

திருப்பூர் முறையை உங்கள் விளைபொருளில் பயன்படுத்துங்கள்

*முதலில் வேலை கற்றுக்கொள்ளுங்கள்.* எண்ணெய்ச் செக்கு, முருங்கைப் பொடி, மதிப்புக்கூட்டல் எதுவாக இருந்தாலும், இயந்திரம் வாங்குவதற்கு முன் ஏற்கெனவே நடத்துபவரிடம் ஒரு மாதமாவது கூடவே நின்று பாருங்கள். விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் அங்கேதான் தெரியும்.

*எல்லா இயந்திரத்தையும் வாங்காதீர்கள்.* உங்கள் ஊரில் ஒருவரிடம் உலர்த்தும் கூடம், ஒருவரிடம் செக்கு, ஒருவரிடம் பேக்கிங் இயந்திரம் இருந்தால் கூலிக்கு வேலை கொடுத்து வாங்குங்கள். ஆண்டில் 30 நாள் மட்டும் ஓடும் இயந்திரம் சொத்தல்ல, கடன்.

*வாங்குபவர் எதை அளக்கிறார் என்று கேளுங்கள்.* பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி எடுக்கும் சாக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் இழை பஞ்சில் கலந்துவிட்டால் அது நூலாகி, துணியாகி, சாயத் தொட்டிக்கும் போகும். பிளாஸ்டிக்கில் அந்தச் சாயம் ஏறாது. முடிந்த பனியனில் வெள்ளைக் கோடாகத் தெரியும், துணி ரிஜெக்ட் ஆகும். எனவே பருத்தியைத் துணிப் பையில் மட்டும் எடுங்கள். காலையில் 10, 11 மணிக்குள் எடுத்தால் காய்ந்த இலைச் சருகு ஒட்டாது. கறைபட்ட பஞ்சைத் தனியே வையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதல் செய்யும்போது ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் பிடித்தம் வரும், 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள். அவிநாசி, மூலனூர் ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் இந்த நான்கையும் செய்தால் கூடுதல் செலவில்லாமல் தரம் கூடும்.

*சேர்ந்து விற்றுப் பாருங்கள்.* உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது உங்கள் ஏற்றுமதியாளர் சங்கம் மாதிரிதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டத்தில், சொட்டுநீரும் நீர்வழி உரமும் மட்டும் கொடுக்கவில்லை. விவசாயிகளைச் சங்கமாகவும் சேர்த்தார்கள். இடுபொருளைச் சேர்ந்து வாங்கி, விளைச்சலைச் சேர்ந்து பேரம் பேசியதால்தான் தொழில்நுட்பம் லாபமாக மாறியது. பெயருக்கு ஒரு நிறுவனம் பதிவு செய்து மானியம் வாங்கி நிறுத்திவிட்டால் பயனில்லை. முதல் ஆண்டு ஒரே ஒரு பொருளை மட்டும் சேர்ந்து விற்றுப் பாருங்கள்.

*விட்டுப்போன கணக்கையும் எழுதுங்கள்.* லாபக் கணக்குப் போடும்போது கிணற்று நீர்மட்டம் எத்தனை அடி இறங்கியது, மண்ணின் இ.சி. எவ்வளவு ஏறியது, பக்கத்துத் தோட்டத்துக்கு உங்களால் என்ன பாதிப்பு என்ற மூன்றையும் ஒரு வரியாகச் சேருங்கள். தேங்காய் மட்டை ஊறவைக்கும் நீர், கோழிப்பண்ணைக் கழிவு, தென்னை நார்த் தொழிற்சாலைக் கழிவு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சாயப்பட்டறை நமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது.

எங்கே கேட்பது, என்ன கிடைக்கும்

மண், நீர் பரிசோதனைக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரை அணுகுங்கள். திருப்பூர் மாவட்ட விவசாயிகள் பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிற்சியும் ஆலோசனையும் பெறலாம்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரும் திட்டம் நடக்கிறது. சிறு, குறு விவசாயிச் சான்றிதழ், சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் தயாராக வையுங்கள்.

சிறிய உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்குப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. சேமிப்புக் கிடங்கு, உலர்களம், தரம்பிரிக்கும் கூடம் போன்றவற்றுக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. திட்டங்களின் காலமும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் இப்போதைய நிலையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆற்றிலோ ஓடையிலோ நிறமாற்றமோ நுரையோ கண்டால், உடனே தேதி, நேரத்துடன் படம் எடுத்து, பாட்டிலில் மாதிரியும் பிடித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஊராட்சியிலும் கிராம சபையிலும் பதிவு செய்யுங்கள். தனியாகப் போவதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து போவது நல்லது.

இந்த மாதமே செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போங்கள். மோட்டாரைப் போட்டு 20 நிமிடம் கழித்து நிரப்புங்கள். வரும் அறிக்கையில் உள்ள எண்ணை வைத்து அடுத்த போகத்துக்கான பயிரை முடிவு செய்யுங்கள்.